போர் அலமாரிக்கு ஒரு குரல்

என்னைப் பிழைக்காரி என்றுதான் இங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கோபமில்லை, என் வேலையே அதுதான். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நிலையத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதில் ஹெட்ஃபோனும் மடியில் புத்தகமும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பவள் நான். அந்தப் பக்கம் ஒருவர் வாசிப்பார். நான் வரிவரியாகத் தொடர்ந்து போவேன். ஒரு சொல் பிசகினாலும் கையைத் தூக்கிவிடுவேன். வளையல் சத்தம், நாற்காலி முனகல், பசித்த வயிற்றின் உறுமல், எதையும் விடமாட்டேன். ஒருமுறை மேனேஜரே முன்னுரை ஒன்றை வாசிக்க வந்து நடுவில் எச்சில் விழுங்கினார். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்தேன். அன்றிலிருந்து மனிதர் என்னைப் பார்த்தாலே எச்சில் விழுங்குகிறார்.

எங்களிடம் வாசிப்பவர்களில் ரேடியோக்காவுக்கு ஈடு யாருமில்லை. ரேடியோவில் அவள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை, குரலுக்காக வந்த பெயர். வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தைச் சாய்வுப் பலகையில் முகத்துக்கு நேராக வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் மதியம் வரை அசைய மாட்டாள். "குரல்ல சாயம் பூசக் கூடாது" என்பது எங்கள் நிலையத்தின் சட்டம். எழுதினவனோடு ஒத்துப்போவதும் சண்டை பிடிப்பதும் கேட்கிறவன் வேலை, வாசிக்கிறவள் வேலை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது மண்டையில் ஏற ஒரு வருஷமாகும். ரேடியோக்கா அதைச் சொல்லிக்கொடுக்காமலே வந்தவள்.

அவளும் நானும் ஒரே கட்டடம். அவள் கீழ்த்தளம், நான் மாடி. கீழ்த்தளத்தின் முன்னறைதான் அவள் வீட்டுக்காரரின் பட்டறை. மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுகிறவர் என்பதால் மோட்டார்க்காரர். எரிந்துபோன ஃபேன், தண்ணீர் பம்பு, மாவரைக்கும் இயந்திரம், எது வந்தாலும் பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பார். சுற்றும்போது உதடு மட்டும் அசையும், எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது பேச்சுக் கொடுத்தால் ரேடியோக்காவுக்கே திட்டு விழும். வார்னிஷ் வாசனை மாடிவரை ஏறி என் தலையணையிலும் ஒட்டியிருக்கும். போருக்கு முன்பே கற்ற தொழில் அது. போரில் கண்ணை விட்டுவிட்டு வந்த பிறகும் கை அதை மறக்கவில்லை.

அந்தப் போரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் தாண்டி யாரோ ஒருவர் மண்ணில் நடந்த போர். இங்கே சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். போனவர்கள் போனார்கள், மாட்டேன் என்றவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், ஊர் இரண்டாகப் போனது. எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு சலூன் இருக்கிறதே, தெருவில் முடி அதிகம் என்பதாலா? போன வீட்டுக்காரர்கள் ஒன்றில் வெட்டிக்கொள்வார்கள், மறுத்த வீட்டுக்காரர்கள் மற்றதில். எனக்கும் அந்தப் போரைப் பற்றி ஒரு கருத்து உண்டு. கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பார்வையற்றோர் சங்கத்துக் கூட்டத்தில் இளவட்டங்கள்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். ஒரு பெண் எழுந்து சொன்னாள். "அந்தப் போரைப் பத்திக் கேட்டாலே வீட்ல பெரியவங்க டிவி சத்தத்தைக் கூட்டிடறாங்க. எங்களுக்குப் புத்தகமாவது குடுங்க. ஒரு பக்கத்துப் புத்தகம் மட்டும் இல்ல, எல்லாப் பக்கமும்." கைதட்டலில் மேனேஜர் மாட்டிக்கொண்டார். போர் அலமாரி என்று ஒன்று வைப்பதாக அங்கேயே ஒத்துக்கொண்டார்.

பதிவான ஒவ்வொரு புத்தகத்தையும் வெளியே அனுப்புவதற்கு முன் பார்வையற்ற ஒருவர் முழுக்கக் கேட்டுச் சரி சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் திருப்பலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை திருப்பினால் மறுபடி பதிவு. இரண்டாவது முறையும் திருப்பினால் அந்தப் புத்தகத்தையே கைவிட்டுவிடுவோம். போர் அலமாரிக்குக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை மோட்டார்க்காரருக்குக் கொடுத்தார்கள். கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தவரை யார் என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. சூப்பு, ரொட்டி, பொரித்த முட்டை. ரொட்டியை ரேடியோக்கா வெட்டுவாள், முட்டையில் உப்பு போதவில்லை என்று நான் சொல்வேன், "உன் வாய்க்கு எதுதான் போதும்" என்று அவள் சொல்வாள். மோட்டார்க்காரர் அந்த வாரம் கேட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசுவார். நான் எத்தனையோ படித்தவர்கள் மதிப்புரை சொல்லிக் கேட்டிருக்கிறேன், பாதியில் கொட்டாவி வரும். இவர் பேசினால் சூப்பு ஆறிப்போகும்.

"அந்தத் தளபதி புத்தகம் ரெண்டு பாகம், பிழைக்காரம்மா. முதல் பாகத்துல அவரு தப்பே பண்ணல. ரெண்டாம் பாகத்துல தப்புப் பண்ணவங்க எல்லாரும் வர்றாங்க, அவரு மட்டும் வரல."

"அப்ப வேண்டாமா அண்ணே?"

"ஐயோ, வேணும். கண்டிப்பா வேணும். மேல உக்காந்து பாத்தவங்களுக்கு நாங்க எப்படித் தெரிஞ்சோம்னு பிள்ளைங்களுக்குத் தெரியணுமில்ல? எறும்பாக்கூடத் தெரியல. மேப்புல பென்சில் கோடு. அவ்வளவுதான் நாங்க."

நர்ஸ் ஒருத்தி எழுதியதைக் கேட்டபோது வேறு மாதிரி சொன்னார். "முதல்ல இதைக் குடுங்க. அந்தம்மா யாரையும் திட்டல, யாரையும் புகழல. காயத்தைத் துடைக்கிறாங்க, அடுத்த கட்டிலுக்குப் போறாங்க. போரு சரியா தப்பான்னு வாதம் பண்றதுக்கு முன்னாடி, கட்டில் எத்தனை கெடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்."

போர் நடந்த நாட்டுக்காரி ஒருத்தி எழுதி நம் மொழிக்கு வந்த புத்தகத்தை மட்டும் அவர் கேட்டு முடிக்க வெகுநாள் ஆயிற்று. அவள் ஊருக்குள் பட்டாளம் வந்து ஊர்க் கிணற்றைப் பிடித்துக்கொண்ட கதை. "அந்தக் கெணறு எனக்குத் தெரியும்" என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "அதே ஊரா இல்லாம இருக்கலாம். ஆனா அந்த மாதிரிக் கெணத்துல நான் தண்ணி குடிச்சிருக்கேன், கேக்காம. இதை விட்டுட்டு மத்ததையெல்லாம் படிச்சா ஒத்தக் கண்ணால படிச்ச மாதிரிதான்." கொஞ்சம் பொறுத்துத் தானே சிரித்தார். "யாரு கண்ணைப் பத்திப் பேசறான் பாரு!"

மிச்சமிருந்தது ஒரே ஒரு புத்தகம். ரேடியோக்காவின் தம்பி எழுதியது.

அந்தத் தம்பி சீட்டு வந்த அன்றே அதை ஊர்ச் சதுக்கத்தில் நின்று நாலாகக் கிழித்தவன். மூன்று வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்து எழுதிய புத்தகம் அது. மறுத்தவர்கள் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று சங்கமே சொல்லிவிட்டது. அதில் ஒரு பக்கம் அவனுடைய மாமாவைப் பற்றியது, அதாவது மோட்டார்க்காரரைப் பற்றியது. ஊருக்கே தெரியும். சலூனில் யாரோ மெனக்கெட்டு அவருக்கு வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். புத்தகம் வந்த நாளிலிருந்து தம்பி அந்த வீட்டுப் படியேறவில்லை. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கும். ரேடியோக்காதான் அவ்வப்போது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "மச்சான் நல்லா இருக்கானா?" என்பார் இவர். "இருக்கான்" என்பாள் அவள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

முதலில் அந்தப் புத்தகத்தை வாசித்தவர் ஓய்வுபெற்ற நாடக நடிகர் ஒருவர். நல்ல கம்பீரமான குரல்தான், ஆனால் வரிக்கு வரி ஒரு வளைவு. எனக்கு உறுத்தியது. மேனேஜரிடம் சொன்னேன். "சொல்லு சரியா இருக்கில்ல? அனுப்பு" என்றார். மோட்டார்க்காரர் திருப்பிவிட்டார், காரணம் சொல்லவில்லை. அவ்வளவுதான், இரண்டு சலூனிலும் ஒரே பேச்சு. மச்சான் எழுதினதை மாமா அமுக்கிவிட்டார் என்று ஒன்றில் பெருமையாகச் சொன்னார்கள், மற்றதில் காறித் துப்பினார்கள்.

மறுபடி வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, இன்னொருவருக்கு ஊரில் கல்யாணம். ரேடியோக்கா மேனேஜர் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் பட்டறை வாசலில் நின்று அவள் சொன்னதை நான் படியேறிக்கொண்டே கேட்டேன்.

"தம்பி புத்தகத்தை நான் வாசிக்கப் போறேன்."

கம்பி சுற்றும் சத்தம் நின்றது. "நீயா?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

"சரி" என்றார். கம்பி மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டார் போலிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் பிரிக்கும் சத்தம் கேட்டது.

பதிவு வழக்கம்போல நடந்தது. சதுக்கம், வழக்கு, ஜெயில் கஞ்சி, எல்லாவற்றையும் வாசித்தாள். மாமாவைப் பற்றிய பக்கமும் வந்தது. என் மடியிலிருந்த புத்தகத்தில் அது இப்படி இருந்தது:

"என் அக்காள் கணவர் அன்று காலை புறப்பட்டுப் போனார். வீரத்தால் போனார் என்பார்கள். இல்லை. மறுக்கத் தெரியாததால் போனார். முதலாளி சொன்னால் கேட்பார், தெரு சொன்னால் கேட்பார், அரசாங்கம் சொன்னால் கேட்கமாட்டாரா? அவர் கண்களை எடுத்தது எதிரியின் குண்டு அல்ல. மாட்டேன் என்ற ஒரு சொல் அவருக்கு வராமல் போனதுதான் எடுத்தது."

ஒரு சொல் பிசகவில்லை. பென்சிலுக்கு வேலையே இல்லை. அத்தியாயம் முடிந்ததும் தண்ணீர் கேட்டாள், அவ்வளவுதான். பதிவைச் சரிபார்த்து அனுப்பிவிட்டேன்.

மோட்டார்க்காரர் பட்டறையைச் சாத்திய பிறகு பிளேயரை மேசை மேல் வைத்துக்கொண்டு கேட்பார். தன் பெண்டாட்டி குரலைத் தன் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண்டாட்டி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் தம்பியின் புத்தகம் அத்தோடு போய்விடும். அந்த வார்த்தையை எதிர்பார்த்தே அவள் பாதியாக இளைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "கேட்டு முடிச்சாச்சா?"

"முடிச்சேன்."

"அப்புறம்?"

"சரியில்ல."

கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் சூப்பு என் ரொட்டி மேல் தெறித்தது. நான் ரொட்டியைத் தட்டோரம் ஒதுக்கினேன்.

"என்ன சரியில்ல? ரெண்டாவது தடவையும் திருப்பினா புத்தகமே போயிடும்னு தெரிஞ்சுதானே சொல்றீங்க? என் தம்பி எழுதினது இந்த ஊர்ல ஒரு குருட்டுப் பிள்ளை காதுல கூட விழக் கூடாது, அதானே?"

அந்த வீட்டில் 'குருட்டு' என்ற சொல்லை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. "முதல் தடவை ஏன் திருப்பினேன், கேட்டியா?"

"கேக்கக் கூடாதுன்னு சட்டம்."

"இப்பக் கேளு."

"ஏன்?"

"அந்த நாடகக்காரரு உன் தம்பியை நக்கல் பண்ணாரு. பரிட்சைக்குப் பயந்துட்டு வயித்துவலின்னு படுத்துக்கிட்ட பையன் மாதிரி படிச்சாரு. சதுக்கத்துல அத்தனை பேரு கல்லெறிய நின்னவன் அவன். மூணு வருஷம் உள்ள கெடந்தவன். அவனைப் போயி ஒருத்தரு மூக்கால சிரிச்சுப் படிச்சா நான் சரின்னு சொல்லி அனுப்பணுமா?"

ரேடியோக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ மேனேஜரை உடனே போய் நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. அதை அப்புறம் கேட்டேன், அது வேறு கதை.

"இப்ப என்ன சரியில்ல?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாப் பக்கமும் நல்லாத்தான் படிச்சே. என் பக்கம் வந்ததும் தலையைக் குனிஞ்சுட்டே. குரலு மைக்குக்குப் போகல, உன் நெஞ்சுக்குள்ள போகுது. இத்தனை வருஷம் உன்னோட குடித்தனம் பண்றேன். நீ நிமிந்து பேசறியா குனிஞ்சு பேசறியான்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களைப் பத்தி இப்படி எழுதியிருக்கான். அதை உங்க காதுக்கே படிக்கறேன். எப்படிங்க நிமிந்து படிக்க முடியும்?" அவள் அழுதுவிட்டாள். "அவன் பொய் எழுதறவனும் இல்ல. நீங்க அப்படிப்பட்டவரும் இல்ல. நான் எந்தப் பக்கம் பாப்பேன்?"

அவர் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தார், சாப்பிடவில்லை.

"அவன் எழுதினது பாதி சரி. எனக்கு எதிர்த்துப் பேச வராது, வாஸ்தவம்தான். ஆனா அன்னிக்கு நான் மாட்டேன்னு சொல்லத் தெரியாம போகல. குலுக்கல்ல எனக்கு அடுத்த சீட்டு பேக்கரிக்காரரு மகனுக்கு. நான் வரலேன்னா அவனை ஏத்திருவாங்க. அப்பத்தான் அவனுக்குப் பிள்ளை பொறந்திருந்துச்சு. நமக்கு அப்ப பிள்ளை இல்ல. யோசிச்சேன், போனேன். யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல."

"இதை ஏன் அவன்கிட்ட சொல்லல? என்கிட்டயே சொல்லலியே!"

"சொல்லியிருந்தா பேக்கரிக்காரரு மகன் தெருவுல எப்படி நடந்திருப்பான்? கண்ணில்லாதவனைப் பாக்கும்போதெல்லாம் அவன் கணக்குப் பாத்திருக்க மாட்டானா? அவன் செத்து ஒரு வருஷம் ஆச்சு. இனிமே சொல்லலாம், அதான் சொல்றேன்." தட்டை நகர்த்தினார். "இங்க பாரு. நான் போனது தப்பான போரு. அந்தக் கெணத்துக்காரம்மா புத்தகத்தைக் கேட்டப்புறம் அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நான் போன விதத்துல தப்பில்ல. உன் தம்பியும் அப்படித்தான். அவனையும் யாரும் ஜெயிலுக்குத் தள்ளல. ரெண்டு பேரும் தலை நிமிந்துதான் வீட்டை விட்டுப் போனோம். நடுவுல நீ என்னத்துக்குக் குனியறே?"

 முன்னறையில் காயவைத்திருந்த மோட்டாரின் வார்னிஷ் வாசனை சாப்பாட்டு மேசைவரை வந்தது.  

"அப்ப திருப்பறீங்களா?" என்றேன், என் வேலை அல்லவா.

"திருப்பல. அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி வாசிக்கட்டும். அவ வாசிக்கும்போது நான் உள்ள உக்காந்திருக்கணும்."

"அதெல்லாம் ஆகாது அண்ணே. மூச்சு கேக்கும்."

"அடக்கிக்கறேன்."

"நாற்காலி முனகும்."

"நின்னுக்கறேன்."

"சும்மா வழக்குப் பண்ணாதடி" என்றாள் ரேடியோக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. என்னை அவள் டி போட்டது அதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கைத்தடியையும் செருப்பையும் வெளியே விடச் சொன்னேன். கைக்கடிகாரத்தையும் கழற்ற வைத்தேன், டிக் டிக் என்று கேட்கும். சட்டைப் பையில் சில்லறை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். "ராணுவத்துலகூட இவ்வளவு சோதனை பண்ணல" என்றார். மேனேஜர் எட்டிப் பார்த்தார். நான் முறைத்தேன். எச்சில் விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே சுவரோரம் முதுகை ஒட்டி நின்றார். ரேடியோக்கா புத்தகத்தைப் பலகையில் வைத்தாள். ஒருமுறை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முதுகு நிமிர்ந்தது, கழுத்து நிமிர்ந்தது, முகவாய் மேலே வந்தது.

வாசித்தாள். அதே சொற்கள்தான். நான் முன்பு கேட்டு, பிழையில்லை என்று சரி போட்டு அனுப்பிய அதே சொற்கள். ஆனால் இப்போதுதான் அவை என் காதுக்கு வந்து சேர்ந்தன. அவள் தம்பிக்காகப் பரிந்து பேசவில்லை, கணவருக்காக மன்னிப்பும் கேட்கவில்லை. எழுதினவன் அவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறான், சுவரோரம் நிற்கிறவர் கேட்கிறார், நடுவில் அவள் குரல் நேராகப் போகிறது. "மாட்டேன் என்ற ஒரு சொல் அவருக்கு வராமல் போனதுதான் எடுத்தது" என்று முடித்தாள்.

"ம்" என்றார் அவர்.

கதை கேட்கிறவர்கள் கொட்டுவதுபோல ஒரு 'ம்'. அவருக்கே தெரியாமல் வந்தது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். ரேடியோக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நாற்காலி முனகலை விடாதவள், மேனேஜரின் எச்சிலை விடாதவள் நான். என் கை தானாக மேலே எழுந்தது. பாதி வழியில் அதை இறக்கி, பதிவு முடிந்தது என்று சைகை காட்டினேன்.

போர் அலமாரி வெளிவந்தபோது அந்தப் பதிவு அப்படியே போனது. எழுதியவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்புவது எங்கள் வழக்கம். சில நாள் கழித்து எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. ரேடியோக்காவின் தம்பி என்று சொல்லிக்கொண்டான்.

"என் புத்தகத்துல ஒரு பக்கம் முடியறப்ப, அக்கா குரலுக்கு அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல் 'ம்'னு கேக்குதுங்க."

"ஆமா, கேக்கும். பிழைன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

"கேட்டுக்கிட்டிருந்தவரு சொன்னாரு" என்றேன்.

அந்தப் பக்கம் பிளேயர் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது, அக்கா குரல், அப்புறம் அந்த 'ம்'. நானும் அவசரப்படுத்தவில்லை, காத்திருந்து கேட்பதுதானே என் தொழில்.

"ஞாயித்துக்கிழமை மாமா வீட்ல இருப்பாரா?"

"எங்க போகப் போறாரு? மத்தியானம் வாங்க. முட்டையில உப்பு இருக்காது, சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு கீழே இறங்கிப் போய், இந்த வாரம் ரொட்டி கூடுதலாக வாங்கச் சொன்னேன்.